வன்னிக் காட்டில் குடைக்கு வோட்டுக் கேட்டேன்

ஒலிபெருக்கி பிடித்துப் பிழைத்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: தொண்டை கட்டிப்போவதை விட, கேட்க ஆளில்லாமல் கத்துவதுதான் இந்தத் தொழிலில் பெரிய வருத்தம். யாழ்ப்பாணத்தில் கலியாணவீடு, திருவிழா என்று மைக் பிடித்துத் திரிந்த என்னை, ஐம்பதுகளில் ஒரு தேர்தலுக்கு வவுனியாவில் நின்ற சுயேச்சை வேட்பாளர் ஒருவர் கூட்டிப்போனார். குடைச் சின்னம். அவர் பிரக்கிராசி என்கிற வக்கீல், கோட்டில் வழக்குகளை விட்டுவிட்டு வர மனமில்லாதவர். ஆகவே ஒரு பழைய கார், ஓட்ட ஓமந்தைச் செல்லையா அண்ணை, கூரையில் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய், நான். தொகுதி முழுவதும் எங்கள் இருவர் தலையில்.

அன்பார்ந்த பெருமக்களே

ஓமந்தை தாண்டிக் கிழக்கே திரும்பியதும் தொடங்கிவிட்டேன். இரண்டு பக்கமும் பாலை, முதிரை, வீரை மரங்கள். மைல் கணக்காக ஒரு கூரை இல்லை. எங்கள் பக்கம் ஒரு வேலி முடிய அடுத்த வேலி. இங்கே ஒரு குளம், அதன்கீழ் கொஞ்சம் வயல், நாலு வீடு, பிறகு திரும்பவும் காடு. என் குரல் எதிலும் படாமல் போய்த் தொலைந்தது. செல்லையா அண்ணை பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"தம்பி, குரங்குக்கு இன்னும் வோட்டுக் குடுக்கேல்லை. கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இரும்."

வாய்க்கால் கரையில்

பழைய ஊர்களில் சொந்தம் பார்த்து வோட்டுப் போடுவார்கள். குடியேற்றத் திட்டத்தில் வாய்க்காலைப் பார்த்துப் போடுவார்கள். யார் தண்ணீர் வாங்கித் தருவாரோ அவருக்கு. அதைப் பேசத்தான் தயாராகப் போனேன். வரம்பில் நின்ற ஒருவர் என் பேச்சைக் கேட்டதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து கார்க் கதவைப் பிடித்தார். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர். காடு வெட்டி, மலேரியாவில் விழுந்து எழும்பியவர். வந்த பிறகு தாயின் செத்தவீட்டுக்கு மட்டும்தான் ஊருக்குப் போனாராம். நான் தண்ணீரைப் பற்றித் தொடங்க, கையைக் காட்டி நிறுத்தினார்.

"வோட்டு உங்களுக்குத்தான், அதை விடும். அங்கால இப்ப புகையிலை நட்டாச்சோ? அதைச் சொல்லும்."

முல்லைத்தீவில்

கரைவலை இழுத்தவர்கள் ஒருவரும் தலை நிமிரவில்லை. கடைத்தெருவில் புடவைக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானா மட்டும் கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தார். ஒரு வார்த்தை எங்களுக்காகச் சொல்லுங்கோ என்று கேட்டேன். சிரித்தார்.

"எல்லாக் கட்சியும் கொடிக்கு என்னட்டத்தான் துணி எடுத்தவை. நான் ஒருத்தருக்குக் கைதட்டினா மற்றவை வேற கடை பாப்பினம், தம்பி."

இஞ்சேருங்கோ

நெடுங்கேணிக்கு அங்காலே, காட்டோரம் ஒரு தனி வீடு. கைக்குழந்தையோடு ஒரு பெண் தெருவுக்கு வந்து காரை மறித்தாள். தேன் எடுக்கப் போன புருஷன் முதல் நாள் காலையிலிருந்து வரவில்லை. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் வீடு எதுவும் இல்லை.

"அந்தக் குழாயில அவரை ஒருக்காக் கூப்பிடுங்கோ."

"பேரென்ன, அக்கா?"

அவள் நிலத்தைப் பார்த்தாள். புருஷன் பேரை வாயால் எப்படிச் சொல்வாள்? "கதிர்காமத்தில இருக்கிறவற்ற பேர்" என்றாள். கந்தையாவோ, முருகேசுவோ என்று செல்லையா அண்ணை ஒவ்வொன்றாகச் சொல்ல, கதிரவேலு என்றதும் தலையாட்டினாள்.

அவளையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு காட்டுப் பாதையில் காரை மெல்ல விட்டோம். "கதிரவேலு அண்ணை!" கூப்பிடுவேன், நிறுத்திக் காது கொடுப்பேன். மயில் அகவும், பிறகு ஒன்றுமில்லை. வெயில் சாயச் சாயப் பற்றரி இறங்கியது, என் குரலும் இறங்கியது. ஒரு மனிதனின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பதில் வராமல் இருந்தால், சொல்கிறவனுக்கே பயம் பிடிக்கும். நான் மைக்கை மடியில் வைத்தேன். அவள் அதை எடுத்தாள்.

"இஞ்சேருங்கோ... நான்தான். எங்க நிக்கிறியள்?"

இடது பக்கம், மிகக் கிட்ட, "கூ" என்று ஒரு சத்தம்.

காய்ந்த அருவிப் பள்ளத்தில் கால் முறிந்து கிடந்தார். காருக்குத் தூக்கி வரும்போது, நான் அவ்வளவு கத்தியும் கேட்கவில்லையா என்று கேட்டேன்.

"கேட்டது. காட்டுக்குள்ள ஆரும் பேர் சொல்லிக் கூப்பிட்டா வாய் திறக்கப்படாது. யமன்தான் வந்திட்டான் எண்டு குப்புறப் படுத்திட்டன். 'இஞ்சேருங்கோ' எண்டு என்னை உலகத்தில ஒருத்திதானே கூப்பிடுறவள்."

அவரை முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில் விட்டுத் திரும்பும் வழி முழுக்க நான் மைக்கைத் தொடவில்லை.

எண்ணி முடிந்த பிறகு

குடை படுதோல்வி. வோட்டு எண்ணிய அரசாங்கக் கச்சேரி வாசலில் வெடியும் மாலையுமாக வென்றவரின் ஆட்கள். பிரக்கிராசி ஐயா என் பக்கத்தில் வந்து நின்றார். முகத்தில் கோபம் இல்லை.

"நீர் நல்லாத்தான் கத்தினீர். நான் ஒருக்காப் போய் என்ர முகத்தையாவது காட்டியிருக்க வேணும்."

வன்னியில் ஒலிபெருக்கி பிடிப்பது என்பது, காடு முழுக்கக் கேட்கும்படி பேசிவிட்டு, இரவில் சாப்பாட்டுக் கடையில், 'இஞ்சேருங்கோ' என்று கூப்பிட ஒருத்தி இல்லாமல், தனியே சோறு தின்றுவிட்டு எழும்பிப் போவதுதான்.