யாருக்கு அந்தப் பாட்டு

எனக்குக் காதல் தோல்வி எதுவும் இல்லை. பெற்றோர் பார்த்த பெண்ணைக் கட்டினேன். ஹட்டன் டவுன் கடையொன்றில் சாமான் நிறுத்துக் கொடுக்கும் வேலை. அப்படிப்பட்ட நான் ஐம்பதை நெருங்கும் வயதில், காதலி விட்டுப்போன இங்கிலிஷ் பையன்களின் பாட்டில் விழுந்துவிட்டேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

பஸ்ஸில் வரும்போது போனில் சாமிப் பாட்டு முடிந்து, தானாகவே அப்படியொரு பாட்டு வந்தது. ஒரு கிட்டார், ஒரு குரல், வேறு சத்தமில்லை. நான் பள்ளியில் படித்தது பதினோராம் வகுப்பு, சாதாரண தரப் பரீட்சை வரைதான். போகாதே, மன்னித்துவிடு என்ற அளவுக்கே புரிந்தது. ஆனால் அந்தப் பையன் குரல் உடைவதை மறைக்கவில்லை. நானோ முதலாளியிடம் லீவு கேட்கவே பலமுறை மனதுக்குள் பேசிப் பார்ப்பவன். ஒருவனால் இப்படி ஊர் கேட்கக் கெஞ்ச முடிகிறதே! அவனுக்கு வெட்கமே இல்லை. அதுதான் என்னை இழுத்தது.

அன்றிலிருந்து வேலை விட்டு வந்ததும் காதில் வயரை மாட்டிக்கொண்டு உள்ளறைக் கட்டிலில் உட்காருவேன். எனக்கு மட்டுமே கேட்கிறது என்று நினைத்தேன். காதை அடைத்தவனுக்குத் தன் குரல் தெரியாது. நான் கூடவே பாடியிருக்கிறேன். வார்த்தை தெரியாத இடத்தில் முனகியிருக்கிறேன். நாங்கள் இருப்பது தேயிலைத் தோட்டத்து லயம், ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். வீட்டுக்கு வீடு சுவர் உண்டு, ஆனால் அது கூரை வரை போவதில்லை. வரிசை முழுக்கக் கேட்டிருக்கிறது.

ஒரு சாயங்காலம், கொழுந்து பறித்துவிட்டு வந்த மனைவி தலைத்துண்டை அவிழ்த்தபடியே கேட்டாள்.

"ஏங்க, யாருங்க அவ?"

"எவ?"

"மலையில எல்லாரும் கேக்குறாளுக. ஒம் புருசன் யார நெனச்சு இப்புடி மொனகுறாரு, வயித்து வலி வந்த ஆடு மாதிரின்னு. நான் என்னத்தச் சொல்ல?"

"ஒருத்தியும் இல்ல. பாட்டு நல்லாருக்கு, அவ்வளவுதான்."

"ஒருத்தியும் இல்லாமயா அழுவுறீங்க?"

"சத்தியமா இல்ல."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுக்காரி, "நம்பிட்டோம்ணே!" என்றாள். அதற்கும் அப்பால் யாரோ சிரித்தார்கள்.

மனைவி சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "ஒருத்தி இருந்திருந்தாலாவது சொல்லிக்கலாம். சும்மா அழுவுறாருன்னா கிறுக்குன்னுல்ல சொல்லுவாளுக" என்றாள்.

சில நாள் கழித்து பஸ்ஸுக்கு நின்றபோது பக்கத்து வீட்டுக்காரி அருகில் வந்தாள். முகத்தில் கேலி இல்லை.

"அக்கா எல்லாம் சொன்னாங்கண்ணே. கந்தப்பளைப் புள்ளையாமே. வேற எடத்துல கட்டிக் குடுத்துட்டாங்களாமே. பாவம்ணே நீங்க."

கந்தப்பளையில் எனக்கு ஒருவரையும் தெரியாது. இல்லை என்றால் மனைவி பொய்க்காரி ஆவாள். தலையைக் குனிந்தேன். அதையே அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

இப்போது நான் முனகினால் யாரும் சிரிப்பதில்லை. பக்கத்து வீட்டில் டீவி சத்தத்தைக் கூடக் குறைக்கிறார்கள். மனைவிதான் மலையில் இரண்டாவதாக வந்தவளாக நடக்கிறாள், பிறக்கவே இல்லாத ஒருத்திக்குப் பின்னால். எனக்கு அந்தப் பேச்சு வேண்டாம், கிறுக்கன் என்றே சொல்லட்டும் என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பாட்டை நிறுத்தவும் இல்லை.