ஒன்றாம் நிலையத்துக்கு வந்தவர்கள்

நகரச் சுகாதார அலுவலகத்தின் புள்ளிவிவரப் பிரிவில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் மெஷினம்மா. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனாலும் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் வரவில்லை. கணவன் வேறொருத்தியோடு போய் இரண்டு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து அவளுக்கு எதுவுமே உறைப்பதில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி ஆகிவிட்டிருந்தது மனம்.

வேலையில் மட்டும் அவளைக் குறை சொல்ல முடியாது. பதினான்கு சுகாதார நிலையங்கள், ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு மாதம். வந்து போனவர்களின் எண்ணிக்கையைப் போட்டுவைக்க மாதத்துக்கு ஒரு மாறி, அதாவது கம்ப்யூட்டருக்குள் பெயர் ஒட்டிய ஒரு டப்பா. நூற்று அறுபத்தெட்டுப் பெயரையும் கையால் அடிப்பது வெட்டி வேலை. அவள் ஒரு லூப் எழுதிவிட்டால் போதும், கம்ப்யூட்டரே சுற்றிச் சுற்றி வந்து, 'வருகை' என்ற சொல்லோடு நிலைய எண்ணையும் மாத எண்ணையும் ஒட்டிப் பெயர் வைத்துக்கொள்ளும்: வருகை1_1 என்று தொடங்கி வருகை14_12 வரை. பெற்ற பிள்ளைக்குப் பெயர் வைக்க ஆறு மாதம் சண்டை போடுகிற உலகத்தில், இது கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

அந்தக் கணக்கை வைத்துத்தான் கூட்டம் குறைந்த மூன்று நிலையங்களை மூடப்போகிறார்கள். ஒன்றாம் நிலையத்தில் அவள் தங்கை நர்ஸ். தங்கையின் மாமியார் படுத்த படுக்கை. நிலையம் பக்கத்துத் தெருவில் இருப்பதால் மதியம் ஓடிவந்து அவரைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு ஓடுவாள். மூடினால் நகரத்தின் மறுகோடிக்கு மாற்றல். இந்த இரண்டு வருடமும் தினம் மாலையில் வந்து அடுப்பைப் பற்றவைத்து அக்காவைச் சாப்பிட வைத்தவளும் அந்தத் தங்கைதான்.

முதல் பட்டியல் நிலையங்களுக்குப் போன அன்று மத்தியானம் தங்கை போன் செய்தாள்.

"அக்கா, நாங்கதான் முதலிடமாம்! எனக்கே சிரிப்பு வருது. பாதி நாள் பஞ்சை உருட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன், எங்கிருந்துக்கா இத்தனை பேரு வந்தாங்க?"

"நல்லதுடி," என்று போனை வைத்தவள், கையோடு கம்ப்யூட்டரில் தான் எழுதிய நிரலைத் திறந்தாள். ஐந்து நிமிடத்தில் பிழை அகப்பட்டது. மொத்தம் போடும் இடத்தில், நிலையத்தின் பெயரில் தொடங்கும் மாறிகளையெல்லாம் கூட்டு என்று எழுதியிருந்தாள். 'வருகை2' என்றால் இரண்டாம் நிலையம் மட்டும்தான். 'வருகை1' என்றாலோ வருகை10, வருகை11 எல்லாமே அப்படித்தானே தொடங்குகின்றன! பத்திலிருந்து பதினான்கு வரை ஐந்து நிலையங்களின் கூட்டமும் தங்கையின் நிலையத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. எண்ணுக்குப் பின்னால் ஓர் அடிக்கோட்டைச் சேர்த்து, 'வருகை1_' என்று மாற்றி மறுபடி ஓடவிட்டாள். நாளொன்றுக்கு ஒன்பது பேர். கடைசி இடம்.

யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். பிரிவில் வேறு எவருக்கும் அந்த நிரலைப் படிக்கத் தெரியாது. அவள் நாலு வரியில் பிழையை எழுதி, புதிய பட்டியலையும் சேர்த்து மேலதிகாரிக்கு அனுப்பிவிட்டு, சாப்பாட்டு டப்பாவைக் கழுவப் போனாள்.

அடுத்த வாரக் கூட்டத்தில் மேலதிகாரி அவளை எழுந்து நிற்கச் சொன்னார். "தன் தப்பைத் தானே சொல்ல எவ்வளவு துணிச்சல் வேணும்! இதுதான் நேர்மை," என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். துணிச்சலும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. தப்பு இருந்தது, திருத்தினாள், அவ்வளவுதான்.

மாற்றல் உத்தரவு கைக்கு வந்த அன்று மாலை தங்கை வந்தாள். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றாள்.

"நீதான் திருத்துனியா?"

"ஆமா."

"அதுக்கு நான் கோவிச்சுக்கல. பொய்க் கணக்குல உக்காந்திருக்க எனக்கும் பிடிக்காது. ஒண்ணே ஒண்ணு சொல்லு. அதை அனுப்புறதுக்கு முன்னாடி என்னை ஒரு நிமிஷம் நெனச்சியா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். எதைக் கேட்டாலும் சரியான பதிலைத் தேடுவது அவள் பழக்கம்.

"இல்ல," என்றாள்.

தங்கை படியிறங்கிப் போனாள். நெனச்சேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது அவளுக்குத் தோன்றியபோது தெருவில் தங்கை இல்லை. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, அவளுக்குத் தன்னைப் பார்த்தே பயமாக இருந்தது.