டம்மி குரல்

கம்பெனிகளுக்குப் படம் எடுத்துக் கொடுப்பது அவருடைய தொழில். சினிமாவும் இல்லை, கல்யாண வீடியோவும் இல்லை. ஒரு கம்பெனி புதிதாக ஒரு குக்கரைக் கொண்டுவருகிறது என்றால், பெரிய மண்டபமாகப் பிடித்து, விளக்கை அணைத்து, புகை விட்டு, திரையில் ஒரு படம் ஓட்டுவார்கள். படம் முடிகிற நொடியில் திரை விலகும். குக்கர் நிற்கும். கூட்டம் கைதட்டும். அந்தப் படம் அவர் செய்தது. "குக்கரைக் காட்டி ஜனங்களைப் புல்லரிக்க வைக்கிறாரே, எங்க மாப்பிள்ளை பெரிய ஆளுதான்" என்று மாமனார் சொல்வார். அது பாராட்டா நக்கலா என்று அந்த மனிதர் சாகும்வரை இவருக்குப் பிடிபடவில்லை.

அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் துடைப்பம். முகத்துக்கு நேரே சார், முதுகு திரும்பினால் துடைப்பம். ஒரு வேலை முடிந்து படத்தை ஒப்படைத்ததும், அதில் பயன்படாத ஒவ்வொன்றையும் கணினியிலிருந்து துடைத்தெறிந்த பிறகுதான் அவருக்கு அடுத்த டீ இறங்கும். அதற்கென்றே எடிட்டிங் மென்பொருளில் ஒரு கட்டளை உண்டு. அழுத்தினால் இறுதிப் படத்தில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடும். வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் பாடம் அதுதான்.

அவர் அப்படிப் பிறக்கவில்லை. அவரை அப்படி ஆக்கிய கதை ஒன்று உண்டு. அதைச் சொல்ல அவர் மனைவியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இந்த மாதிரிப் படங்களுக்குக் குரல் கொடுக்கத் தேர்ந்த ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களை முதலிலேயே கூப்பிட முடியாது. கம்பெனிக்காரர்களுக்கு ஒரு வாக்கியத்தைப் பத்துத் தடவை மாற்றினால்தான் தூக்கம் வரும். அதனால் வேறு யாராவது சும்மா படித்துப் பதிவு செய்வார்கள். அந்தப் பேச்சின் நீளத்துக்குப் படத்தை வெட்டி ஒட்டி, எல்லோரும் தலையாட்டிய பிறகு பெரிய குரலை வரவழைத்து, சும்மா படித்ததை எடுத்துவிடுவார்கள். அந்தச் சும்மா படிப்புக்குத்தான் டம்மி குரல் என்று பெயர். அவருடைய படங்கள் எல்லாவற்றுக்கும் டம்மி குரல் அவர் மனைவிதான்.

தொழிலை ஆரம்பித்தபோது அலுவலகம் கிடையாது. வாடகை வீட்டின் படுக்கையறையிலேயே எல்லாம். அங்கே பேசினால் சுவர் திருப்பிப் பேசியது. ஒருநாள் அவள்தான் துணி அலமாரியைத் திறந்து, கீழ்த்தட்டைக் கழற்றி வைத்துவிட்டு, தொங்கிய துணிகளுக்கு நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். துணிகள் எதிரொலியைக் குடித்துவிட்டன. மைக்குக்கு அவருடைய பழைய காலுறையை மாட்டினார்கள். அதற்குப் பிறகு வீடு மாறியது, அலுவலகம் வந்தது, கண்ணாடி போட்ட ஒலிப்பதிவு அறைகூட வந்தது. டம்மி குரல் மட்டும் அலமாரியை விட்டு நகரவில்லை.

"என்னங்க, 'நிகரற்ற உறிஞ்சும் திறன்'னு எழுதியிருக்கே, இதை மனுஷி வாயால சொல்ல முடியுமா?"

"சொல்லும்மா. அவங்க குடுக்கிறதை நாம படிக்கிறோம், அவ்வளவுதான்."

"நம்ம வீட்டுத் தூசியைப் பத்தி நான் இவ்வளவு மரியாதையா பேசினதே இல்லைங்க."

இப்படித்தான் அலமாரிக்குள்ளிருந்து பேச்சு வரும். சொந்த விமர்சனம், தும்மல், சிரிப்பு எல்லாம் சேர்ந்துதான் பதிவாகும். அவர் தேவையானதை மட்டும் நறுக்கி எடுத்துக்கொள்வார்.

அப்படி நறுக்காத பதிவு ஒருமுறை மண்டபத்தில் ஓடிவிட்டது. இரண்டு கோப்புகளுக்குக் கிட்டத்தட்ட ஒரே பெயர் வைத்திருந்தார். அவசரத்தில் மாற்றி அழுத்திவிட்டார். திரையில் கம்பீரமாக ஒரு சோபா சுழன்றுகொண்டிருக்க, மண்டபம் அதிர, "ஐயோ இருங்க, மூச்சு வாங்குது, அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்றது அவள் குரல். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கம்பெனி முதலாளி சிரிக்கவில்லை. இவர் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மனைவியிடம் கத்தினார். "உன்னால என் மானம் போச்சு!"

"நான் எங்கேங்க வந்தேன்? வீட்டுலதானே இருந்தேன்" என்றாள் அவள்.

தவறு யாருடையது என்று அவருக்குத் தெரியாமலா இருந்தது? தெரிந்ததால்தான் அவ்வளவு சத்தம். கோழி திருடியவன்தான் கூடச் சேர்ந்து சத்தமாகத் தேடுவான். அன்றிலிருந்துதான் துடைக்க ஆரம்பித்தார், முதலில் அதுவரை சேர்ந்திருந்த பழைய பதிவுகளை. படம் ஒப்படைத்த அன்றே டம்மி குரல் காலி. முதலில் தானே பார்த்துப் பார்த்து அழித்தார்; போகப்போக அவர் அந்தக் கட்டளையை அழுத்த, கணினியே கழித்துவிடும். என்ன போகிறது என்று பார்க்கிற வழக்கம்கூட நின்றுபோனது; அதில் அவள் குரலும் போகிறது என்பதே நாளடைவில் மறந்துவிட்டது.

வருஷங்கள் ஓடின. திரையில் ஓட்டும் படம் போய், அறையையே படமாக்கும் காலம் வந்தது. நாலு சுவரிலும் கூரையிலும் தரையிலும் ஒளியைப் பாய்ச்சி, ஆட்களை நடுவில் நிறுத்துவது. கடைசியாக அவர் எடுத்துக்கொண்ட பெரிய வேலை ஒரு சலவை இயந்திரத்துக்கு. வந்தவர்கள் இயந்திரத்தின் வயிற்றுக்குள் நிற்பதுபோல் இருக்கவேண்டும். சுற்றிலும் தண்ணீர் சுழல வேண்டும். நுரை தலைக்கு மேல் போக வேண்டும். "துணியோட துணியா எங்களையும் அலசிப் பிழிஞ்சு காயப் போட்டுடுவீங்களா?" என்று அலமாரிக்குள்ளிருந்து கேட்டாள் மனைவி. அப்போதே அவள் குரல் கரகரத்திருந்தது. தூசி என்றார்கள், சளி என்றார்கள். அதற்கெல்லாம் அடங்காமல் போனபோது மருத்துவமனைக்குப் போனார்கள். தொண்டையில் புற்று. குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்றார் மருத்துவர்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் அவர்களைத் தனியாக உட்கார வைத்துப் பேசினாள். "ஆப்பரேஷனுக்கு முன்னாடி உங்க குரலைப் பதிவு பண்ணி வெச்சுக்கோங்கம்மா. அதை வெச்சு போன்லயே உங்க குரலை உருவாக்கலாம். நீங்க எழுதினா அது உங்க குரல்லயே பேசும். பின்னணில எந்தச் சத்தமும் இருக்கக் கூடாது. நிறைய வேணும்."

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "குரலா? இவ குரல் வருஷக்கணக்குல எங்கிட்ட இருக்கு. டிஸ்க் டிஸ்க்கா அடுக்கி வெச்சிருக்கேன். ஸ்டூடியோ தரம்!"

அவ்வளவு பயங்கரமான வாரத்தில் அவர் கையில் இருந்தது என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான். அதை அவர் பெருமையாகச் சொன்னதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

திரும்பி வரும்போது அவள் கேட்டாள். "இருந்தாலும் ஒரு தடவை படிச்சு வெச்சிடட்டுமாங்க? மனசுக்கு ஒரு இதுவா இருக்கும்."

"இந்தக் கரகரப்பை எதுக்கு வெச்சுக்கணும்? உன் நல்ல குரல் இருக்கும்மா. சும்மா தொண்டையைக் கஷ்டப்படுத்தாதே."

சலவை இயந்திரத்தின் அறிமுக விழா நடந்தது. சுவரெல்லாம் தண்ணீர் சுழன்றதில் இரண்டு விருந்தாளிகளுக்குத் தலை சுற்றி வெளியே போய் உட்கார்ந்தார்கள். அதைப் பெரிய வெற்றி என்றார்கள். அந்த வாரக் கடைசியில் அவளுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. உயிர் பிழைத்தாள். கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் மெல்லிய துணி, அதன் வழியே மூச்சு. வேறு விதமாகச் சத்தம் எழுப்பப் பழகுகிறவர்கள் உண்டு. அவளுக்கு அது கூடிவரவில்லை. போனில் எழுதிக் காட்டித்தான் பேசினாள்.

காயம் ஆறிய பிறகு பயிற்சிக்காரப் பெண் பதிவுகளைக் கேட்டாள். அவர் அலுவலகத்துக்குப் போய் டிஸ்க்குகளை மேசைமேல் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். முதலில் குக்கரைத் திறந்தார். படம் இருந்தது, இசை இருந்தது, பெரிய குரல் இருந்தது. மனைவி இல்லை. தூசி உறிஞ்சியைத் திறந்தார். இல்லை. சோபா, கட்டில், பூட்டு, பெயிண்ட், எல்லாவற்றையும் திறந்தார். ஒவ்வொன்றிலும் கழிக்கப்படவேண்டியது சுத்தமாகக் கழிக்கப்பட்டிருந்தது. கம்பெனிகளின் பெயரும் தேதியும் போட்டு அவ்வளவு அழகாக அடுக்கி வைத்த டிஸ்க்குகளில் அவளுடைய ஒரு தும்மல்கூட மிஞ்சவில்லை.

சலவை இயந்திரத்தைக் கடைசியில் திறந்தார். அதையும் விழா முடிந்த மறுநாளே துடைத்திருந்தார். அவள் ஆஸ்பத்திரிக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த நாள் அது. பழக்கம் அவர் கையைப் பிடித்து அழுத்த வைத்திருந்தது.

வீட்டில் எடுத்த வீடியோ இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு. படக்காரர் வீட்டில் படம் இல்லை. இருந்த ஒன்றிரண்டையும் அவள்தான் எடுத்திருந்தாள், வாய் திறக்காமல். வெளியூரில் இருக்கும் மகள் தன் போனைக் குடைந்து, "போய்ச் சேர்ந்ததும் ஒரு வார்த்தை சொல்லு" என்ற துணுக்கு ஒன்றை அனுப்பினாள். பின்னால் பேருந்து இரைச்சல். "இது போதாது சார்" என்றாள் பயிற்சிக்காரப் பெண், தரையைப் பார்த்தபடி.

மனைவி கேட்டபோதெல்லாம் "தேடிட்டிருக்கேன்மா" என்று நாளைக் கடத்தினார். ஆனால் தேடுகிறவன் முகமும் தொலைத்தவன் முகமும் வேறு வேறு. ஒரு சாயங்காலம் அவள் போனில் எழுதி நீட்டினாள். "இல்லைன்னு தெரியும். தேடாதீங்க. உங்க டிஸ்க் எவ்வளவு சுத்தம்னு எனக்குத் தெரியாதா? எடுத்துப் போடறதுக்குன்னுதானே படிச்சேன்."

அவர் அழுதார். மாமனார் செத்தபோதுகூட அழாத மனிதர், குழந்தை மாதிரி அவள் மடியில் முகத்தை வைத்து அழுதார். அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். சத்தம் போட்டுத் திட்டவும் முடியாத ஒருத்தியிடம் மன்னிப்புக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

விஷயம் எப்படியோ, குரல் மேடம் என்று எல்லோரும் கூப்பிடும் அம்மாளின் காதுக்குப் போயிற்று. அவருடைய படங்களில் பெரிய குரல் அந்த அம்மாளுடையதுதான். வீடு தேடி வந்தார். வந்து, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாம பார்த்ததே இல்லை இல்லையா? ஆனா எனக்கு உங்களை நல்லாத் தெரியும். ஒவ்வொரு தடவையும் உங்க டம்மியைக் கேட்டுட்டுதான் நான் மைக் முன்னாடி நிப்பேன். நீங்க எங்கே மூச்சு விட்டீங்களோ அங்கேதான் நானும் விட்டேன். என் குரல் அவர்கிட்ட மலை மாதிரி இருக்கே, அதை எடுத்து உங்க போன்ல போட்டுக்கோங்க. அதுல பாதி உங்களோடதுதான்."

"மேடம், நீங்க இவ்வளவு பெரிய மனசு பண்ணி..." என்று அவர் தடுமாறினார்.

மனைவி அவரைப் பார்த்தாள், அந்த அம்மாளைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையசைத்தாள்.

குரல் தயாரானது. அவள் எழுத, போன் பேசியது. குக்கரையும் சோபாவையும் விற்ற அதே பளிங்குக் குரல். காய்கறிக்காரர் அசந்துபோய், "என்னம்மா, டிவில பேசற மாதிரியே இருக்கு" என்று ஒரு கைப்பிடி கொசுறு போட்டார். மகள் போனில் முதலில் தடுமாறி, பிறகு பழகிக்கொண்டாள். வீட்டில் மறுபடி பேச்சு கேட்டது. அவர் நெஞ்சிலிருந்த பாறாங்கல் கொஞ்சம் நகர்ந்தது. அவளும் வேண்டுமென்றே நீளமான வாக்கியங்களை எழுதி ஓடவிட்டு ரசித்தாள்.

ஒரு மதியம் அவர் உள்ளறையில் ஒரு மடிக்கிற சைக்கிளின் படத்தை வெட்டிக்கொண்டிருந்தார். சமையலறையிலிருந்து குரல் வந்தது. "என்னங்க, சாப்பாடு ஆறுது. வாங்க."

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் சொன்னார்: "இதோ வந்துட்டேன் மேடம், ஒரே நிமிஷம்."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்ன என்று உறைத்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார். அவள் ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் போனுமாக நின்றுகொண்டிருந்தாள். கோபப்பட்டிருந்தால் அவர் தாங்கியிருப்பார். கோபப்படவில்லை. உதட்டில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து போயிற்று. போனை மேடைமேல் குப்புற வைத்துவிட்டுத் தட்டை எடுத்துப் பரிமாற ஆரம்பித்தாள்.

"மன்னிச்சிடும்மா. வேலை ஞாபகத்துல வாய் தவறிடுச்சு."

விடுங்க என்பதுபோல் கையை ஆட்டினாள். அவர் சாப்பிட்டார். என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

காய்கறிக்காரரிடமும் மருத்துவரிடமும் மகளிடமும் அவள் இன்றும் அந்தக் குரலில்தான் பேசுகிறாள். அவரிடம் மட்டும் பேசுவதில்லை. சாப்பாட்டு வேளையில் கரண்டியால் தட்டின் விளிம்பில் தட்டுவாள். எந்த வேலையில் இருந்தாலும் அப்படியே போட்டுவிட்டு அவர் எழுந்து போவார்.