மாப்பிள்ளை மாட்டிய குழாய்

என் மனைவியின் பிறந்த வீட்டில் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசுகிற ஆள் கிடையாது. நான் சொன்னால் சொன்னதுதான். இதை ரொம்ப வருஷம் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது! அது பயம். எனக்கு அது உறைப்பதற்கு ஒரு வாஷ் பேசின் குழாய் வேண்டியிருந்தது.

நாங்கள் இருப்பது கடலூர் செம்மண்டலத்தில். பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். அத்தை, அதாவது என் மனைவியின் அம்மா, சிதம்பரத்தில் தனியாக இருக்கிறார். மாமா போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகின்றன. இவள் ஒரே பெண். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமையாவது அம்மாவைப் பார்த்துவிட்டு வருவாள். பாதி நேரம் நானும் கூடப் போவேன். அந்த இரண்டு நாளை நம்பித்தான் அத்தை மீதி நாட்களை ஓட்டுகிறார்.

வீட்டு ரிப்பேர் வேலைகளை நானே செய்யவேண்டும் என்பது எனக்கு ஒரு கிறுக்கு. மிக்சி, சுவிட்சு, குழாய், எதையும் விடமாட்டேன். நாலு வருஷத்துக்கு முன்னால் அத்தை வீட்டுக் கூடத்தில் ஒரு ஃபேன் மாட்டினேன். சுற்றும்போது டக் டக்கென்று ஒரு சத்தம். அன்றைக்கு என்னோடு சாப்பிட உட்கார்ந்த மனைவியின் சித்தப்பா, "ஒரு எலக்ட்ரீசியனக் கூப்புட்டிருக்கலாமே மாப்ள" என்றார். அவ்வளவுதான் சொன்னார் மனுஷன். நான் பாதி இலையில் எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு போய் பஸ் ஏறிவிட்டேன்.

அதன்பிறகு ஆறு மாதம் அந்த வாசற்படியை மிதிக்கவில்லை. அத்தை பொங்கல் வரிசையைத் தூக்கிக்கொண்டு கடலூருக்கு வந்தபோது, பேப்பரை முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனைவியைப் போகாதே என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லவா வேண்டும், என் மூஞ்சி போதாதா? அவளும் ஆறு மாதம் அம்மா வீட்டுக்குப் போகவில்லை. கேட்டால் மாப்பிள்ளை முறுக்கு என்பார்கள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் ஆனவனுக்கு என்ன மாப்பிள்ளை முறுக்கு வேண்டிக்கிடக்கிறது? அந்த ஃபேன் இன்றைக்கும் டக் டக்கென்றுதான் சுற்றுகிறது. வேறு ஆளை விட்டு அதைத் தொட அங்கே யாருக்கும் தைரியம் வரவில்லை.

போன வருஷம் அத்தைக்கு முடக்குவாதம் வந்தது. காலையில் எழுந்தால் பத்து விரலும் மடங்கியபடி விறைத்துக் கிடக்கும். பொறுக்கிற சூட்டில் வெந்நீர் வைத்துப் பதினைந்து நிமிஷம் கையை ஊறப்போட வேண்டும், பிறகு விரல்களை மடக்கி நீட்ட வேண்டும், தினமும் விடாமல் செய்யவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைச் செய்து முடிக்கும்வரை ஒரு டம்ளரைக்கூட உறுதியாகப் பிடிக்க முடியாது. நல்லவேளையாக, மாமா ஷேவிங்குக்காக வாஷ் பேசினுக்கு மேலே ஒரு சின்ன கீசர் வைத்துவிட்டுப் போயிருந்தார். அந்த வீட்டில் குழாயில் வெந்நீர் வருகிற இடம் அது ஒன்றுதான். ஆனால் பேசினில் இருந்தது பழைய காலத்துத் திருகு குழாய். உப்பு படிந்து இறுகிப்போய் எனக்கே மூச்சைப் பிடித்துத் திருப்பவேண்டும்.

"ஒரே கைப்பிடி வெச்ச குழாய் மாட்டிடறேன் அத்தை. மணிக்கட்டால தள்ளினாப் போதும், தண்ணி வரும்" என்றேன். அத்தைக்கு அவ்வளவு சந்தோஷம்.

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஹார்டுவேர் கடையில்தான் வாங்கினேன். கடைக்காரர், "சார், சுவத்துல இருக்கிற பழைய ஆங்கிள் காக்கையும் மாத்திடுங்க. பிளம்பர் வேணும்னா சிதம்பரத்துல நம்ம ஆளு இருக்காரு" என்றார். சுவரிலிருந்து குழாய் வெளியே வருகிற இடத்தில் இருக்குமே ஒரு சின்ன வால்வு, அதைத்தான் சொன்னார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நான் சயின்ஸ் வாத்தியார்ங்க. திரவ அழுத்தம் பாடம் நடத்துறவன்" என்றேன். அவர் பில்லைப் போட்டார்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டினேன். பச்சைத் தண்ணீர்ப் பக்கம் சிக்கலே இல்லை. வெந்நீர்ப் பக்கத்து ஆங்கிள் காக் முழுசாக மூடவில்லை. அதிலிருந்து குழாய்க்குப் போகிற ஹோஸைக் கழற்றியதும் அந்தக் காக்கின் வாயிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. "அத்தை, ஒரு துணி குடுங்க" என்று கத்தினேன். அவர் பழைய சேலை ஒன்றின் பச்சைக் கரையைப் பல்லால் கடித்துக் கிழித்துக் கொடுத்தார். விரலால் கிழிக்க முடியவில்லை. அதைத் திருப்புளியால் அந்த வாய்க்குள் திணித்தேன். சொட்டுவது நின்றது. அதற்குள் சாப்பிடக் கூப்பிட்டார்கள். வஞ்சிரம் குழம்பு, வறுவல் எல்லாம் முடித்துவிட்டு வந்து, புது ஹோஸை வைத்து மறையை இறுக்கினேன்.

அத்தை பின்னால் வந்து நின்றார். "மாப்ள, உள்ளார அந்த..." என்று ஆரம்பித்தார்.

"அத்தை, வேலை செய்யும்போது பின்னால நின்னு பேசாதீங்க. எனக்கு ஆகாது" என்றேன். அவர் போய்விட்டார்.

திறந்து பார்த்தால் பச்சைத் தண்ணீர் சர்ரென்று சீறிக்கொண்டு வந்தது. கைப்பிடியை வெந்நீர்ப் பக்கம் திருப்பினேன். நூல் மாதிரி வந்தது. பார்த்தேன், பார்க்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் கூடத்தில் மனைவி நிற்கிறாள், அத்தை நிற்கிறார். "ஏர் அடைச்சிருக்குது. ரெண்டு நாள்ல தானா சரியாயிடும்" என்றேன். பத்தாம் வகுப்புப் பையன் பரீட்சையில் அப்படி எழுதியிருந்தால் முட்டை மார்க் போட்டிருப்பேன்.

இரண்டு நாள் கழித்து போனில் கேட்டேன். "ஆயிடுச்சு மாப்ள. ஜோரா வருது" என்றார் அத்தை. மறுநாள் ஆசிரியர் அறையில் அரை மணி நேரம் அந்தக் குழாயின் பெருமையைப் பேசினேன். கேட்டவர்கள் பாவம்.

அதன்பிறகும் சிதம்பரத்துக்குப் போய் வந்தோம். போவது பதினொரு மணிக்கு, திரும்புவது மாலையில். அந்த வேளையில் யாருக்கு வெந்நீர் வேண்டும்? ஒரு தடவை மட்டும் என் கைவேலையை ரசிக்கலாமே என்று பேசின் பக்கம் போய்க் கைப்பிடியில் கை வைத்தேன். "ஏங்க, இலை போட்டாச்சு, சீக்கிரம் வாங்க" என்று மனைவி அடுப்படியிலிருந்து ஒரே கத்து. வந்து பார்த்தால் குக்கரில் இன்னும் விசில்கூட வரவில்லை. அதையும் நான் யோசிக்கவில்லை.

மார்கழியில் ஒரு நாள் மனைவி போனை வைத்துவிட்டு, "அம்மாவுக்குக் கால்ல சுட்டுடுச்சாம். திருவிழாக் கூட்டத்துல யாரோ வண்டி சைலன்சர் பட்டுடுச்சாம்" என்றாள். நானே கூப்பிட்டு அத்தையைப் பிடிபிடியென்று பிடித்தேன். "இந்த உடம்ப வெச்சுக்கிட்டு கூட்டத்துக்குள்ள எதுக்குப் போறீங்க? கண்ண எங்க வெச்சிருந்தீங்க அத்தை?" என்று கேட்டேன்.

"தப்புதான் மாப்ள" என்றார்.

தை மாதம் எனக்குச் சிதம்பரத்தில் ஒரு நாள் ஆசிரியர் பயிற்சி இருந்தது. முதல் பஸ்ஸைப் பிடித்து ஏழு மணிக்கு முன்பே போய்ச் சேர்ந்தேன். நேரம் இருக்கிறதே, அத்தை வீட்டில் ஒரு காபி குடித்துவிட்டுப் போகலாம் என்று போன் செய்யாமலே போனேன். அந்த வீட்டுக்கு நான் சொல்லாமல் போனது அதுதான் முதல் தடவை.

கதவு திறந்திருந்தது. அத்தை அடுப்படியிலிருந்து வந்துகொண்டிருந்தார். ஆவி பறக்கிற ஒரு பாத்திரம். இரண்டு பக்கமும் துணியைச் சுற்றி, விரல்களால் பிடிக்காமல், இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக வைத்து வந்தார். வலது பாதத்தின் மேல்புறம் முழுவதும் புண் ஆறிய சிவப்பு, விரல்வரைக்கும் வழிந்திருந்தது. சைலன்சர் சுட்டால் கெண்டைக்காலில் வட்டமாகச் சுடும். பாதத்தின் மேலே வழியாது. இதற்கு அறிவியல் வாத்தியாராக இருக்கவேண்டியதில்லை.

"குழாய்ல வெந்நி வரலியா?" என்றேன்.

"ஐயோ, வாங்க மாப்ள... வருது, நல்லா வருது. இன்னிக்கு சும்மா..."

நான் போய் கீசரைப் போட்டுக் கைப்பிடியைத் திருப்பினேன். அதே நூல். அந்த வேகத்தில் ஒரு கிண்ணம் நிரம்புவதற்குள் அது ஆறிப் பச்சைத் தண்ணீராகிவிடும். கிட்டத்தட்ட மூன்று மாதமாக, ஒவ்வொரு காலையும், ஒரு டம்ளர்கூடப் பிடிக்க முடியாத கையோடு இவர் அடுப்பிலிருந்து கொதிநீர் தூக்கியிருக்கிறார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது பாவம் பார்க்கிற புத்தி இல்லை, கோபம்தான். "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கத்திவிட்டேன். அத்தை ஒரு அடி பின்னால் போனார். பாத்திரம் ஆடி, தண்ணீர் விளிம்புவரை வந்து திரும்பியது. அவர் பார்த்தது தண்ணீரை இல்லை, என் முகத்தை.

பாத்திரத்தை வாங்கிக் கீழே வைத்தேன். மாடிக்குப் போய் டேங்க் வால்வை மூடினேன். மாமாவின் பழைய ஸ்பேனரை எடுத்து ஹோஸைக் கழற்றினேன். ஆங்கிள் காக்கின் வாய்க்குள் எட்டிப் பார்த்தால் பச்சையாக ஏதோ தெரிந்தது. அத்தையின் கொண்டை ஊசி ஒன்றை எடுத்து நோண்டி இழுத்தேன். சேலைக் கரை. உப்பு ஏறி விறைத்துப்போய் வந்தது. நான் திணித்து, வஞ்சிரக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு வந்து, எடுக்காமலே மூடிய துணி.

மொத்தமே பத்து நிமிஷ வேலை. திரும்ப மாட்டித் திறந்ததும் வெந்நீர் சீறி வந்து என் சட்டையை நனைத்தது. அத்தை மணிக்கட்டால் கைப்பிடியைச் சரிசெய்துகொண்டு, விழுகிற நீருக்குக் கீழே கைகளை வைத்தார். கொஞ்ச நேரத்தில் சுண்டுவிரல் முதலில் நிமிர்ந்தது.

"என்னா இருந்துச்சு மாப்ள?" என்றார், திரும்பாமலே.

துணி என் பேண்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது. எப்போது அதை உள்ளே வைத்தேன் என்றுகூட எனக்கு நினைவில்லை. "உப்பு அத்தை. உப்பு அடைச்சிருந்துச்சு" என்றேன்.

"ஆமா மாப்ள. இந்த ஊரு தண்ணி உப்பு ஜாஸ்தி" என்றார். என் பாக்கெட் நனைந்திருந்ததைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். காபி போட்டுக் கொடுத்தார். வெட்கமில்லாமல் அதையும் குடித்துவிட்டுத்தான் பயிற்சிக்குப் போனேன்.

சாயங்காலம் செம்மண்டலத்துக்குத் திரும்பியதும் மனைவியிடம் கேட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"உங்கம்மா கால்ல சுட்டது சைலன்சர்தானா?"

அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வெந்நிப் பாத்திரம் நழுவிடுச்சு."

"குழாய்ல உப்பு அடைச்சிருந்துச்சு. எடுத்துட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"உப்பா?" என்று நிமிர்ந்தாள். "அம்மா அன்னிக்கே சொன்னாங்களே. சேலைத் துணிய எடுக்காமலே மாட்டிட்டாரு, சொல்ல வந்தேன், அதுக்குள்ள கோவிச்சுக்கிட்டாருன்னு. நான்தான் பிளம்பரக் கூப்புடும்மான்னேன். கேக்கல. மாப்பிள்ளை கை வெச்ச வேலையில இன்னொருத்தன் கை வெச்சான்னு அவுருக்குத் தெரிஞ்சா, அந்த ஃபேனுக்கு நடந்த மாதிரி திரும்ப ஆறு மாசம் உன்னப் பாக்க முடியாது, அதுக்கு நான் அடுப்புலயே வெந்நி வெச்சுக்கறேன்னுட்டாங்க."

அவள் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லித் தப்பித்திருப்பேன். காலையில் அத்தை என் பொய்க்குத் தலையாட்டினாரே, அப்போதே அவருக்கு எல்லாம் தெரியும். மூன்று மாதமாகத் தெரியும். என் மூஞ்சி கோணாமல், பெண்ணைப் பார்ப்பது நின்றுபோகாமல் இருக்கத்தான் அந்தக் கையோடு அவர் இத்தனை பாடு பட்டிருக்கிறார்.

உள்ளே போய்ப் பாக்கெட்டிலிருந்து துணியை எடுத்து மேசைமேல் வைத்தேன். காய்ந்து மொடமொடவென்று இருந்தது. போன் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"அத்தை, காலையில பொய் சொல்லிட்டேன். உப்பு இல்ல. நான் வெச்ச துணிதான். அன்னிக்கு நீங்க சொல்ல வந்தீங்க, நான்தான்..." என்று இழுத்தேன்.

அந்தப் பக்கம் ஃபேன் டக் டக்கென்று சுற்றுவது மட்டும் கேட்டது. பிறகு அத்தை மெதுவாகக் கேட்டார்:

"கோவமா இருக்கீங்களா மாப்ள?"