எனக்கு மட்டும் வந்த பக்

1. திரும்பி வந்தது

நான் எழுதிக் கொடுத்த பக், அதாவது புரோகிராமில் நான் கண்ட தப்பு, மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தது. கீழே ஒரே வரி: "எங்கள் கம்ப்யூட்டரில் வரவில்லை."

சேலம் ஃபேர்லேண்ட்ஸில், புரோகிராம் எழுதுகிறவர்களுக்கான எடிட்டர் சாஃப்ட்வேர் தயாரிக்கும் சின்ன ஆபீஸ் அது. நான் பிளஸ் டூ படித்தவள். அங்கே டேட்டா என்ட்ரியில் இருந்த என்னை, நாற்பத்து நான்கு வயதில் டெஸ்டிங்குக்கு மாற்றினார்கள். மூன்று மாதம் பார்ப்பார்கள். சரிப்படாவிட்டால் பழைய வேலைதான். அந்த மூன்றாவது மாதம் முடிய இன்னும் சில நாட்களே இருந்தன. எனக்கு டெஸ்டிங் பிடித்திருந்தது. ஆட்களிடம் பேச வேண்டியதில்லை, தப்பைக் கண்டுபிடித்து எழுதினால் போதும் என்று நினைத்திருந்தேன்.

அப்போது பார்த்துக்கொண்டிருந்தது மல்டி கர்சர், ஒரே சமயத்தில் பல இடங்களில் எழுதும் வசதி. ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டு ஐந்து வரிகளின் கடைசியில் கிளிக் செய்தால் ஐந்து கர்சர் நிற்கும். ஒருமுறை கமா அடித்தால் ஐந்து வரியிலும் கமா விழ வேண்டும். எனக்கு ஐந்தாவது வரியில் மட்டும் சரியாக விழுந்தது. மற்ற நான்கும் அடுத்தடுத்த வரிகளுக்குள் நழுவி, வார்த்தைகளை உடைத்துக்கொண்டு நின்றன. பெரிய ஃபைலில் இப்படி ஆனால், எங்கே கெட்டது என்றே யாருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை ரிலீஸ்.

2. நான்கு பேர் பார்க்க

டீம் லீடர் பிரபு என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். அவரை நான் சார் என்பேன், அவர் என்னை அக்கா என்பார்.

"அக்கா, மூணு பேரு பாத்தாச்சுங்க, வரலை. நீங்களே ஒருக்கா செஞ்சு காட்டிருங்க, முடிச்சுரலாம்."

என் நாற்காலிக்குப் பின்னால் நான்கு பேர் நின்றார்கள். யாராவது பார்த்தால் எனக்குக் கை ஓடாது. மௌஸ் எங்கெங்கோ போனது.

"பதறாதீங்க. மொத வரில வைங்க. ஆங், அடுத்து ரெண்டாவது..."

அவர் சொல்லச் சொல்ல வைத்தேன். கமா அடித்தேன். ஐந்தும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன.

"எனக்கு வந்துச்சுங்க சார்" என்றேன்.

"பக்குக்கு அக்கா மேல மட்டும் பாசமாட்ட இருக்குது" என்றார் பின்னால் நின்ற ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். பிரபு சிரிக்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"சாயங்காலத்துக்குள்ள அதை குளோஸ் பண்ணிருங்க. உங்க மூணு மாசம் பத்தி நாளைக்குப் பேசிக்கலாங்க."

3. பக்கத்து சீட்

அவர்கள் போன பிறகு, மனசு கேட்காமல் தனியாக இன்னொரு தடவை செய்தேன். வந்தது. கமா நழுவி நின்றது. திரும்பச் செய்தேன். திரும்பவும் வந்தது.

மல்டி கர்சரை எழுதிய நித்யா பக்கத்து சீட்டில் இருந்தாள். ஆத்தூர்ப் பெண்.

"அக்கா, நில்லு நில்லு! கையை எடுக்காத. நீ ஏன் கீழருந்து மேல போற?"

"கீழருந்துதான கண்ணு வைக்கோணும்?"

"யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. எடப்பாடியில் எங்கள் வீட்டில் தறி உண்டு. சேலை பார்டருக்குப் பத்து வருஷம் கிராஃப் தாளில் கட்டம் நிரப்பியிருக்கிறேன். அதில் முதல் இழைக்கு அடிக்கட்டம், அடுத்த இழைக்கு அதற்கு மேல் கட்டம். அடியில் தொடங்குவது கையோடு வந்துவிட்ட பழக்கம். இதைச் சொன்னதும் நித்யா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"மல்டி கர்சர்ல பார்டர் போட்டுட்டு இருந்தியாக்கா! நான் மேலருந்துதான் வருவாங்கன்னு நெனச்சு எழுதி வச்சிருக்கேன். மேல ஒரு கமா விழுந்தா கீழ இருக்கறதெல்லாம் ஒரு எழுத்து நகருமே, அதனால ஒவ்வொரு கமாவுக்கும் அடுத்து வச்ச கர்சரை ஒரு எழுத்து தள்ளிவிடும். நீ தலைகீழா வந்தா, தள்ளவேண்டாததை எல்லாம் தள்ளுது."

உடனே பிரபுவைக் கூப்பிட்டாள். இந்த முறையும் நான்தான் செய்து காட்டினேன். யாரும் வழி சொல்லவில்லை. கமாக்கள் நழுவின. அவர் குனிந்து திரையில் ஐந்தாவது வரி மேல் விரலை வைத்தார்.

"இதை ஏங்க்கா எழுதல?"

என் ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்தேன். "ஐந்து வரிகளிலும் கர்சர் வைக்கவும்" என்றுதான் இருந்தது. எந்த வரியில் தொடங்குவது என்று மூன்று முறையும் எழுதவில்லை. எல்லோரும் கீழேதான் தொடங்குவார்கள் என்று நானும், மேலேதான் தொடங்குவார்கள் என்று அவர்களும் இருந்திருக்கிறோம். அந்த வரியை அழித்துவிட்டு, "ஐந்தாவது வரியில் தொடங்கி மேல்நோக்கி ஒவ்வொன்றாக" என்று எழுதினேன்.

ரிலீஸ் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனது. என் மூன்று மாதம் பற்றிப் பிரபு பேசவே இல்லை. அடுத்த வாரம் டெஸ்டிங் பட்டியலில் என் பெயர் இருந்தது.

டெஸ்டிங்குக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். உங்கள் கை என்ன செய்கிறதோ அதை எழுதுங்கள். இதைப் போய் எழுதுவார்களா என்று எது தோன்றுகிறதோ, அதை முதலில் எழுதுங்கள்.

கீழிருந்து மேலே போகும் அந்த டெஸ்ட்டுக்கு நித்யா எடப்பாடி என்று பெயர் வைத்துவிட்டாள். இன்றும் ஒவ்வொரு ரிலீஸுக்கு முன்பும் யாராவது கத்துவார்கள்: "அக்கா, எடப்பாடி பாஸா?"

நான் தலையை மட்டும் ஆட்டுவேன்.