கம்பத்தடியில் கேட்ட வசனம்

போன ஞாயிற்றுக்கிழமை லண்டன் டூட்டிங்கில் கொத்து ரொட்டிக்கு வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற பிள்ளையின் பையிலிருந்து தசைவலித் தைலத்தின் வாசம் வந்தது. எங்கள் தமிழ்ப் பிள்ளைதான். முழங்காலில் சேறு காய்ந்திருந்தது. என்ன விளையாட்டு என்று கேட்டேன். வயது போனால் வாய் சும்மா இராது. ஐரிஷ்காரரின் கேலிக் ஃபுட்போல் என்றாள்.

"எங்கட கிளப் ஆம்பிளையள் இண்டைக்குத் தோத்திட்டினம், அங்கிள். எதிர் டீம்காரனுக்குக் கேவலமாச் சொன்னதுக்கு ஒருத்தருக்குக் கார்ட் குடுத்திட்டாங்கள்."

"சொன்னதைக் கேட்டது ஆர், பிள்ளை?"

"கோல் போஸ்டடியில நிண்ட அம்பயர்."

அவளுடைய பார்சல் வந்தது, போய்விட்டாள். என் முறை வந்தபோது எதற்கு வந்தேன் என்பது மறந்துபோய் நாலு வடையோடு வீடு திரும்பினேன்.

எண்பதுகளின் கடைசியில் நானும் அப்படியொரு அம்பயராக நின்றவன். சொன்னால் என் மனைவியே நம்பமாட்டாள். மேற்கு லண்டனில் பாண் சுடும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. என் சூப்பர்வைசர் மிக், அயர்லாந்தின் மேற்குக் கரையைச் சேர்ந்தவன், ஞாயிறுகளில் ரெஃபரி. அந்த விளையாட்டில் ஒரு வழக்கம் உண்டு: ரெஃபரி தன் நான்கு அம்பயர்களையும் தானே கூட்டிக்கொண்டு வரவேண்டும். தம்பி, மச்சான், கூட வேலை செய்கிறவன், யாராகவும் இருக்கலாம். மிக்கின் ஆட்களில் ஒருவன் ஊருக்குத் திரும்பிவிட்டான். "உனக்குக் கண் தெரியும்தானே?" என்று என்னைக் கேட்டான். ஓம் என்றேன். மிக் பேசியது இங்கிலீஷ்தான். ஆனால் என் நினைவில் எல்லா ஐரிஷ்காரரும் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறார்கள். அதை நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வேலை லேசு. இரண்டு உயரக் கம்பங்கள், நடுவில் ஒரு குறுக்குச் சட்டம். பந்து சட்டத்துக்கு மேலால் போனால் வெள்ளைக் கொடி, கீழால் போனால் பச்சைக் கொடி. அம்பயருக்கு வெள்ளைக் கோட். முதல் நாள் நான் தொழிற்சாலைக் கோட்டையே போட்டுக்கொண்டு போய்விட்டேன். கொடியை ஆட்டியபோது கைமடிப்பிலிருந்து மா பறந்தது. மிக் விசில் ஊத முடியாமல் சிரித்தான்.

கம்பத்தடியில் நிற்பவனுக்கு ரெஃபரிக்குக் கேட்காததெல்லாம் கேட்கும். தடுப்பவனும் கோலடிக்க வருபவனும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு அங்கேதான் நிற்பார்கள். பந்து தூரத்தில் இருக்கும்போது வாய்கள் வேலை செய்யும். தாய், ஊர், மனைவி, ஒருவரும் தப்பமாட்டார்கள். என் இங்கிலீஷில் பாதி அங்கே படித்ததுதான். அதில் ஒரு சொல்லைப் பொருள் விளங்காமல் கன்ரீனில் சொல்லிவிட்டேன்; தேத்தண்ணி ஊற்றும் பெண்மணி ஒரு கிழமை என் முகத்தைப் பார்க்கவில்லை. வாய்ப்பேச்சுக்காக ஒருவனை வெளியே அனுப்பியதை அந்த நாளில் நான் கண்டதில்லை. அடித்தால்தான் குற்றம்.

டெக்லன் என்று ஒருவன் இருந்தான். கம்பத்துக்கு முன்னால் நின்று தடுக்கும் ஆட்டக்காரன். கொத்தனார் வேலை, இருபத்தைந்து வயது, அதிகம் பேசமாட்டான். அந்த வருடம் கோடையில் கட்டட வேலையில் அவனுடைய தம்பி ஏணியிலிருந்து விழுந்து செத்துப்போனான். டெக்லன் ஒரு மாதம் விளையாடவில்லை, அரையிறுதிக்கு வந்தான். வென்றால் இறுதியாட்டம் பார்க்கத் தகப்பன் ஊரிலிருந்து வருவதாக இருந்தது.

என் பக்கத்தையும் சொல்லவேண்டும். அந்த அரையிறுதிக்கு மூன்று கிழமைக்கு முன்னர் ஊரிலிருந்து எனக்குக் கடிதம் வந்திருந்தது. பஸ்ஸை மறித்து இறக்கிக் கொண்டுபோகப்பட்டவர்களில் என் அண்ணையும் ஒருவர். பிறகு தகவல் இல்லை. இடைவேளையில் வாசித்தேன், மடித்துப் பையில் வைத்தேன், பாண் தட்டு அடுக்கப் போனேன். அழவில்லை. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் எப்படி இருக்கும், உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

அரையிறுதியில் பந்து மற்றப் பக்கத்தில் நின்ற நேரம், எதிரணிக்காரன் டெக்லனின் காதடியில் சொன்னான்: "உன்ர தம்பி விழேக்க ஏணியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது நீதானே?"

டெக்லன் திரும்பி ஒரே ஒரு அடி. மற்றவன் மல்லாக்க விழுந்தான். மிக் ஓடிவந்தான். மற்றக் கம்பத்தில் அம்பயராக நின்ற மிக்கின் மச்சானுக்குக் காது மந்தம். ஆகவே என்னிடம் வந்தான், கையில் பென்சிலும் புத்தகமும்.

"அடிச்சதைக் கண்டனியோ?"

"ஓம்."

"அவன் முதல் ஏதும் சொன்னவனோ? கேட்டனியோ?"

"இல்லை. எனக்கு ஒண்டும் கேக்கேல்லை."

நான் யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது. எங்கள் ஊரில், சீருடை போட்ட ஒருவன் கையில் புத்தகத்தோடு வந்து என்ன காதில் விழுந்தது என்றால், எல்லோர் வாயிலும் தயாராக இருந்த பதில். அது நம்மைக் காப்பாற்றும் என்று பழகியிருந்தோம். லண்டன் மைதானத்தில், என்னைச் சிநேகிதனாக நினைத்தவனிடம் அதையே சொன்னேன். டெக்லன் என்னை ஒருதரம் பார்த்தான். பிறகு தானாகவே வெளியே நடந்தான்.

டெக்லனின் அணி வென்றது. டெக்லனுக்கு இறுதியாட்டத்தில் தடை. புதன்கிழமை விசாரணை என்றும், மற்றவன் தூண்டினான் என்று நான் வந்து ஒரு வசனம் சொன்னால் தடையை எடுக்கலாம் என்றும் மிக் சொன்னான். எனக்கு அன்றைக்கு ஷிப்ட் என்றேன். ஷிப்ட் போடுகிறவனே மிக்தான். "ஓம், ஷிப்ட்தான்" என்று சொல்லி, புதன்கிழமைக்கு என் பெயரை எழுதினான்.

இறுதியாட்டத்தன்று தகப்பன் வந்தார். சாவீட்டுக்குப் போட்ட கறுப்புக் கோட்டோடு என் கம்பத்துக்குப் பின்னால் வந்து நின்றார். டெக்லன் மைதானத்துக்கே வரவில்லை.

"தம்பி, நீ பக்கத்தில நிண்டனியாம். என்ர பொடியன் சும்மா கை நீட்டமாட்டான். கேட்டாச் சொல்லுறானில்லை. மற்றவன் ஏதும் சொன்னவனோ?"

சொல்வதென்றால் அந்த வசனத்தை அவரிடம் சொல்லவேண்டும். செத்த மகனைப் பெற்றவரிடம் அதை எப்படிச் சொல்வது என்று தயங்கினேன் என்று எழுதினால் எனக்குக் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். உண்மை அதுவல்ல. எனக்குள்ளே ஒன்றும் அசையவில்லை.

"அடிச்சதைத்தான் கண்டனான், ஐயா. ஒண்டும் சொன்ன மாதிரித் தெரியேல்லை."

அவர் தலையாட்டினார். நன்றி சொன்னார். அந்த நேரம் பந்து சட்டத்துக்கு மேலால் போனது, நான் வெள்ளைக் கொடியை ஆட்டினேன்.

டெக்லன் அந்த மாரிக்காலத்தோடு அமெரிக்கா போய்விட்டான். அடுத்த வருடம் மிக் வேறொருவனைக் கம்பத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனான். கோபித்துக்கொண்டதில்லை, தொழிற்சாலையில் எப்போதும்போல் நல்லவனாகவே இருந்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் மிக் நோயாகக் கிடந்தபோது தோடம்பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். "எனக்கு அண்டைக்குக் கேட்டது, மிக்" என்றேன். "தெரியும்" என்றான். டெக்லனின் தகப்பன் இரண்டு வருடத்துக்கு முன்னர் செத்துப்போனார் என்றும், டெக்லன் செத்தவீட்டுக்கு வரவில்லை என்றும் சொன்னான். சாகும்வரை தகப்பனுக்கும் மகனுக்கும் பேச்சில்லையாம். சின்னவன் விழுந்து செத்தான், பெரியவன் ரௌடியாகிவிட்டான் என்று ஊரில் ஆட்களிடம் சொல்வாராம். யாராவது மறுத்தால், "லண்டனில வெள்ளைக் கோட் போட்டவனே எனக்கு நேரில சொன்னவன்" என்பாராம்.

நான் தோடம்பழத்தை உரித்து, சுளை சுளையாகப் பிரித்து, மிக்கின் கையில் கொடுத்தேன்.

மிக் இப்போது இல்லை. தொழிற்சாலையை இடித்துக் கிடங்கு கட்டினார்கள், மைதானத்தில் அடுக்குமாடிகள். அண்ணையைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. டெக்லன் இருக்கும் இடத்தை அறிந்தவர் ஒருவரையும் எனக்குத் தெரியாது. டெக்லனின் தகப்பன் நான் சொன்னதை நம்பியபடியே போய்ச் சேர்ந்துவிட்டார்.