வேர்வை நின்றபோது சிரித்தோம்

பரங்கிப்பேட்டையில் ஐம்பத்தைந்து கிலோ கபடிப் போட்டி. எடை பார்த்துத்தான் களத்தில் இறக்குவார்கள். நான் ஒன்றரைக் கிலோ கூடுதலாக இருந்தேன். எங்கள் பக்கத்துப் பையன்களுக்குத் தெரிந்த ஒரே வழி, முந்தின நாளிலிருந்தே தண்ணீர் குடிக்காமல், ஸ்வெட்டருக்கு மேல் ரெயின்கோட் மாட்டிக்கொண்டு வெயிலில் ஓடுவதுதான். அது 2009 அக்னி நட்சத்திர வெயில்.

எங்கள் டீம் கேப்டன் குமார் எனக்கு மாமா முறை. நான் ஓட, அவர் பைக்கில் கூடவே வந்தார்.

"தண்ணி கிண்ணி குடிச்சியா மாப்ள?"

"இல்ல மாமா."

கொஞ்ச நேரத்தில் வேர்வை நின்றுவிட்டது. தோல் காய்ந்து நெருப்பாகச் சுட்டது. பயந்துபோய்க் கையை நீட்டினேன். மாமா தொட்டுப் பார்த்துச் சிரித்தார்.

"ஒடம்புல இருந்த தண்ணியெல்லாம் எறங்கிடுச்சுடா. வெயிட்டு வந்துடுச்சு!"

நானும் சிரித்தேன். அடுத்த திருப்பத்தில் விழுந்தேன்.

கண் விழித்தது சிதம்பரத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலில்.

"வேர்வ வந்தாதாம்பா ஒடம்பு சூடு வெளிய போவும்" என்றார் டாக்டர். "அது நின்னதும் சூடு உள்ளயே ஏறி தசையெல்லாம் கெட்டுப்போச்சு. அந்தக் கழிவுதான் கிட்னிய அடைச்சிடுச்சு."

கிட்னி திரும்ப வேலை செய்யவே இல்லை. இப்போது வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் முதலில் எடை பார்க்கிறார்கள். குடித்த தண்ணீர் வெளியேறாமல் உடம்பிலேயே தங்கிவிடும் என்பதால் அளவாகத்தான் குடிக்க வேண்டும். எடை கூடியிருந்தால் நர்ஸ் கேட்கிறார்.

"தண்ணி ஜாஸ்தி குடிச்சீங்களா?"

"இல்லக்கா" என்கிறேன்.

அன்று மாமாவிடம் சொன்னது உண்மை. இது பொய்.